செய்யது இல்லாத கல்லூரி

அன்னாள் மகளிர் கல்லூரியில் ஆண்களையும் சேர்க்கலாமா என்ற கேள்விக்குப் பழைய மாணவியர் குழுவில் இருந்த ஐந்து பேரும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நான்கு பேர் சரி என்று சொல்லிவிட்டார்கள். ஹெப்சிபா மட்டும் முடியாது என்றாள்.

ஐந்தில் ஒருவர் மறுத்தாலும் நடக்காது. கல்லூரியைத் தொடங்கிய அன்னாள் ஞானதீபம் அம்மையார் அப்படி ஒரு விதியை எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். பாளையங்கோட்டையில் பெண்களுக்கென்று ஒரு கல்லூரி நிலைக்க வேண்டுமானால் யாரும் எளிதில் கைவைக்க முடியாதபடி அதைக் கட்ட வேண்டும் என்று அந்தக் காலத்தில் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். இடம் கேட்டுப் பெற்றோர் வாசலில் வரிசையாக நின்ற கல்லூரிதான் அது. இப்போது ஊரில் பிள்ளைகளே குறைந்துவிட்டார்கள். இருக்கிற பெண்களும் எல்லோரும் சேர்ந்து படிக்கும் பெரிய கல்லூரிகளைத் தேடி மதுரைக்கும் சென்னைக்கும் போனார்கள். அறிவியல் கட்டடத்தின் மேல்மாடி பூட்டிக் கிடந்தது. புறாக்கள் அடைந்தன.

"இன்னும் ரெண்டு வருஷம் தள்ளலாம்க்கா. அதுக்கப்புறம் கேட்டப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்" என்றாள் முதல்வர் இசக்கியம்மாள். ஹெப்சிபாவுக்கு வெகு காலம் கழித்து அதே கல்லூரியில் படித்தவள். ஹெப்சிபாவின் வீட்டுக்கே வந்து உட்கார்ந்திருந்தாள்.

"பூட்டுனா பூட்டுங்க. உள்ள இருக்கத மாத்திட்டு அதே பேரச் சொல்லாதீங்க."

ஹெப்சிபா வானிலை மையத்தில் புயல் எச்சரிக்கைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். எச்சரிக்கை விட்டால் யார் என்ன சொன்னாலும் அதில் உறுதியாக நிற்க வேண்டிய வேலை. பக்கத்தில் அவளுடைய தோழி சிரித்துக்கொண்டிருந்தாள். செய்யது அலி பாத்திமா, மாவட்ட நீதிபதியாக இருந்தவள். மேலப்பாளையத்துப் பெண். ஹெப்சிபாவுக்கு அவள் எப்போதும் செய்யதுதான். 'நம்ம காலேஜ்ல இருக்க ஒரே ஆம்பளப் பேரு' என்று வகுப்பே அவளைக் கேலி செய்தது உண்டு. சேர்க்கலாம் என்று சொன்ன நான்கு பேரில் அவளும் ஒருத்தி. அதுதான் ஹெப்சிபாவுக்குத் தாங்கவில்லை.

"நீயா செய்யது இத சொல்லுத? ஆம்பளைக இருந்திருந்தா உன் வாப்பா உன்ன அந்த வாசப்படி மிதிக்க விட்டிருப்பாரா?"

"விட்டிருக்க மாட்டாரு. அதுக்காவ இன்னைக்கும் கேட்டச் சாத்தியே வைக்கணுமா? என் பேத்தி மதுரைல பையன்க கூடத்தான் படிக்கா. ஒரு வாரம் லீவுக்கு வந்தாலும் அந்தப் பையன்க பேர எல்லாம் சொல்லி, திரும்பப் போகணும்னு சண்ட போடுதா."

இசக்கியம்மாள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "அக்கா, நீங்க ரெண்டு பேரும் உங்க ஞாபகத்த வச்சுத்தான் பேசுதீங்க. அப்ப அதையே ஒரு தடவ பாத்துட்டு வந்திரலாம். மறுநடைன்னு கேள்விப்பட்டிருப்பீங்க."

கேள்விப்பட்டிருந்தார்கள். மறதி நோய்க்காரர்களுக்காக வந்த வைத்தியம் அது. ஒருவரின் நினைவில் மிஞ்சியிருப்பதையும் பழைய படங்களையும் சேர்த்து, அவர் வாழ்ந்த ஒரு நாளைத் திரும்ப எழுப்பி, அதற்குள் அவரை நடக்கவிடுவார்கள். இப்போது அதில் ஒரு புது வசதி வந்திருந்தது. அந்த நாளில் ஏதாவது ஒன்றை மட்டும் மாற்றி வைத்துவிட்டு நடந்து பார்க்கலாம்.

"நீங்க படிச்ச காலத்துலயே நம்ம காலேஜ் எல்லாருக்குமா இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும்? போய்ப் பாருங்க. அதுக்கப்புறமும் வேண்டாம்னா நான் கேக்க மாட்டேன்."

ஹெப்சிபா யோசித்தாள். செய்யது அவள் முழங்கையில் இடித்தாள். "வா ஏட்டி. நானும் வாரேன் துணைக்கு. கல்லூரி நாளத் திரும்பப் பாக்கக் கசக்குதா?"

கசக்கவில்லை. அதுதான் உண்மை.

*

பழைய இயற்பியல் ஆய்வகத்தில் ஒன்றும் அடுத்த அறையில் ஒன்றுமாகச் சாய்வு நாற்காலிகளும் தலையில் மாட்டும் வலைகளும் வைத்திருந்தார்கள். ரெஜிலின் என்ற நாகர்கோவில் பெண் அதை இயக்க வந்திருந்தாள்.

"முதல்ல உள்ளது உள்ளபடி ஒரு நாள். அடுத்து மாற்றத்தோட அதே நாள். ஒண்ணு சொல்லிரணும், மேடம். ஞாபகம்ங்கிறது பெட்டிக்குள்ள இருக்க படம் இல்ல. ஒவ்வொரு தடவ நினைக்கும்போதும் மூளை அத புதுசாத்தான் கட்டுது. அதனால சிலருக்கு இதுல பாத்தது பழச மூடிரும். சுவத்துல வெள்ளை அடிச்ச மாதிரி."

"எத்தன பேருக்கு?"

"எங்ககிட்ட வாறவங்க எல்லாம் ஏற்கனவே மறந்தவங்க, மேடம். அவங்களுக்கு மூடுறதுக்கு ஒண்ணும் இருக்காது. உங்கள மாதிரி நல்லா ஞாபகம் உள்ளவங்க ரொம்பப் பேர் வந்ததில்ல."

"என் ஞாபகத்த எதுவும் மூட முடியாதும்மா. மாட்டு" என்றாள் ஹெப்சிபா.

கண்ணை மூடித் திறந்தபோது புங்கமரத்தடியில் நின்றாள். முழங்கால் வலிக்கவில்லை. துப்பட்டாவின் இரண்டு நுனியிலும் ஊக்கு குத்தியிருந்தது. ஒரு பக்கம் அவிழ்ந்தாலும் துணை முதல்வர் கூப்பிட்டு நிறுத்திவிடுவார். விடுதியில் செல்போன் கூடாது என்பதால் யாரோ ஒருத்தி அரிசிமாவு டப்பாவுக்குள் போனை ஒளித்துவைத்து, அது மாவுக்குள்ளேயே மணியடித்து மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லிப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேண்டீனில் முட்டை பப்ஸ் வந்துவிட்டது என்று ஒருத்தி கத்த, பாதிக் கூட்டம் ஓடியது. நவம்பர் மழை பெய்து ஓய்ந்து, மண் ஈரமாக மணத்தது.

வாசலில் மேலப்பாளையம் மினிபஸ் நின்றது. செய்யது இறங்கினாள். காவலாளியின் அறையைத் தாண்டியதும் கறுப்புப் புர்காவைக் கழற்றி நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். மஞ்சள் சுடிதார். தலைமுடியைக் கையால் ஒதுக்கிவிட்டு, வகுப்புவரை ஓடினாள். காரணமில்லாமல், ஓட முடிகிறது என்பதற்காகவே ஓடினாள்.

மதியம் கணிதப் பேரவையின் பேச்சுப்போட்டி. செய்யது அதுவரை மேடை ஏறியதில்லை. ஹெப்சிபாதான் பெயர் கொடுத்திருந்தாள். நான்கு வரி பேசியிருப்பாள், மின்சாரம் போய்விட்டது. மழைக்காக ஜன்னல்களை அடைத்திருந்த அரங்கம் இருண்டுபோனது. ஒலிபெருக்கி செத்தது. பெண்கள் ஊளையிட்டார்கள். 'இறங்கி வா செய்யது' என்று யாரோ கத்தினார்கள். அவள் இறங்கவில்லை. இருட்டுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. கடைசி வரிசைவரை வந்தது. ஊளை அடங்கியது. இவ்வளவு பெரிய குரல் தனக்கு இருப்பது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. பிற்காலத்தில் நீதிமன்றங்களை நிறைத்த குரல் அதுதான்.

ஹெப்சிபா விழித்தபோது கன்னம் நனைந்திருந்தது. "இதத்தான் மாத்தணும்ங்கியா?" என்று செய்யதைப் பார்த்துக் கேட்டாள்.

"ரெண்டாவதையும் பாத்துட்டு வா" என்றாள் செய்யது.

அதே புங்கமரம். அதே ஈர மண். இப்போது பையன்களும் இருந்தார்கள். ஹெப்சிபா சண்டைக்குத் தயாராகப் போனாள். சண்டை போட ஒன்றும் இல்லை. துப்பட்டாவுக்கு ஊக்கு குத்தவில்லை என்று இங்கே யாரும் கேட்கவில்லை. வகுப்பில் அவள் பக்கத்தில் களக்காட்டுப் பையன் ஒருவன் உட்கார்ந்தான். பெயர் சுடலைமணி. வளைகோடுகளை அச்சடித்த மாதிரி வரைந்தான். புரியாததைப் புரியவில்லை என்று எழுந்து நின்று சொன்னான். அவள் கரும்பலகையில் போய்க் கணக்கை முடித்துக் காட்டியபோது முதலில் கைதட்டியது அவன்தான். வீட்டுத் தோட்டத்து வாழையில் பழுத்தது என்று இரண்டு மட்டிப்பழத்தை நீட்டினான். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. அந்தக் கல்லூரியையும் பிடித்திருந்தது.

மதியம் பேச்சுப்போட்டி. யாரோ ஒருத்தி பேசிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனது. அரங்கம் இருண்டது. ஊளையும் சீட்டியும் கிளம்பின. பேசியவள் இறங்கிவிட்டாள். ஹெப்சிபா இருட்டில் காத்திருந்தாள். இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தாள். குரல் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் விளக்கு எரிந்தது, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

"செய்யது எங்க?" என்று முன்வரிசைப் பெண்ணிடம் கேட்டாள்.

"எந்தச் செய்யது? நம்ம கிளாஸ் பையனா?"

*

"ஏன் அவள எடுத்தீங்க?" வலையைக் கழற்றும் முன்பே ஹெப்சிபா கேட்டாள். செய்யது அப்போது அடுத்த அறையில் தன் நடையைத் தொடங்கியிருந்தாள்.

"நாங்க யாரையும் எடுக்கல, மேடம். ஒரு மாற்றம்தான் குடுத்தோம். மத்தது எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சத வச்சு அதுவே கட்டிக்கிடும். ஆண்கள் இருந்தா அவங்க வந்திருக்க மாட்டாங்கன்னு உங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கு."

செய்யது வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. "எப்படி இருந்துச்சு?" என்றாள் ஹெப்சிபா.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அவள் தன் வண்டியைத் தேடிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நாட்கள் போயின. காலையில் தேநீர் குடிக்கும்போது கல்லூரியை நினைத்தால் ஹெப்சிபாவுக்கு மட்டிப்பழ மணம் வந்தது. வகுப்பறையை நினைத்தால் பக்கத்தில் சுடலைமணி இருந்தான். இல்லாத ஒரு பையன், சிரித்துக்கொண்டு இருந்தான். அவன் பிறகு என்ன ஆனான், திருமணம் செய்துகொண்டானா என்றெல்லாம் அவள் மனம் கேட்டது. அவனைக் காணாத ஏக்கம்கூட வந்தது. பேச்சுப்போட்டியை நினைத்தால் இருட்டு வந்தது. அந்த இருட்டில் செய்யது பேசினாள் என்று அவளுக்குத் தெரியும். புயல் எந்த வருடம் கரை கடந்தது என்று தெரிவதுபோலத் தெரியும். ஆனால் அந்தக் குரல் காதில் கேட்கவில்லை.

ரெஜிலினைக் கூப்பிட்டுச் சொன்னாள். "வெள்ளை அடிச்சத சுரண்டி எடுக்க எங்களுக்குத் தெரியாது, மேடம். மன்னிச்சிருங்க" என்றாள் அந்தப் பெண். அழுதாள் போலிருந்தது.

*

ஹெப்சிபா மேலப்பாளையத்துக்குப் போனாள். செய்யது மாடியில் தனியாக உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தட்டை இருவருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தாள். ஹெப்சிபாவும் உரிக்க ஆரம்பித்தாள்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன், செய்யது. அந்தக் காலேஜ்ல நீ இல்ல. கரெண்டு போச்சு, நான் இருட்டுல உக்காந்திருந்தேன். நீ பேசல. இப்ப எப்ப நினைச்சாலும் அதுதான் வருது." இன்னொரு பூண்டை எடுத்து உடைத்தாள். "நீயே சொல்லு. அன்னைக்கு மேடைல என்ன பேசுன? ஒன் வாயால சொல்லிக் கேட்டாலாவது திரும்ப வருதான்னு பாக்கேன்."

செய்யது ஒரு பல்லை உரித்து முடித்துத் தட்டில் போட்டாள்.

"நான் உங்கிட்ட கேக்கணும்னு இருந்தேன்" என்றாள்.

"என்ன?"

"எனக்கும் இல்ல ஹெப்சி. ஒண்ணும் இல்ல. மரம் இல்ல, கேண்டீன் இல்ல. நான் வக்கீலானப்புறம் உன்ன எங்கயோ பழகின மாதிரி இருக்கு. அந்த ரெண்டாவது நடையில நான் காலேஜுக்கே போகல. இந்த வீட்டுலதான் இருந்தேன். அந்தா, அந்த மாடிப்படில. மினிபஸ் போற சத்தம் கேட்டுக்கிட்டு நாள் பூரா உக்காந்திருந்தேன். ரெஜிலின் நடுவுல வந்து நிறுத்திரவான்னு கேட்டா. விடு, முழுசாப் பாத்திருதேன்னேன். ஜட்ஜு புத்தி. பாதி சாட்சிய வச்சுத் தீர்ப்பு சொல்லக் கூடாதுல்லா."

ஹெப்சிபாவின் கை நின்றுவிட்டது. தோழியைத் துணைக்கு என்று கூட்டிப்போய், அவளிடமிருந்த எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வந்ததுபோல் இருந்தது. "ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வேண்டாம்னுதான் நிப்ப. அதான்." செய்யது முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பூண்டுக்கு யாருக்கும் கண் எரிவதில்லை. "ஆனா அங்கன வாப்பாவப் பாத்தேன் ஏட்டி. சாயங்காலம் கடையடைச்சுட்டு வந்து எனக்குக் கீழ்ப்படில உக்காந்தாரு. 'உன்ன அனுப்ப எனக்கு ஆசைதான்மா, தெரு பேசும்'னாரு. அப்படி ஒரு வார்த்த அவரு உசுரோட இருந்தவரைக்கும் சொன்னதில்ல."

"அது மிஷின் கட்டுனது, செய்யது. நமக்குத் தெரிஞ்சத வச்சுத்தான் கட்டும்னு அந்தப் பிள்ள சொன்னா."

"அப்ப எனக்குத் தெரிஞ்சிருக்கு, இல்லியா? இத்தன வருஷமும் எனக்குள்ள தெரிஞ்சிருக்கு. அவரு பயந்தது பையன்களப் பாத்து இல்ல. தெருவுல நாலு பேரு பேசுறதப் பாத்து."

கீழே தெருவில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். செய்யது அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

"நம்ம காலேஜு வாப்பாவோட பயத்துக்கு ஒரு வாசல் வச்சுக் குடுத்துச்சு. பெரிய காரியம். அதுவழியாத்தான் நான் வந்தேன்னு எல்லாரும் சொல்லுதாங்க, நானும் நம்புதேன். ஆனா ஒரு வாசல் மட்டும் போதும்னு இருந்தா, இன்னும் ரெண்டு வருஷத்துல அதுவும் இருக்காது. நீ எதக் காப்பாத்தணும்னு பிடிவாதம் பிடிக்கியோ அது உங்கிட்டயும் இல்ல, எங்கிட்டயும் இல்ல. இருக்கது அந்தக் கட்டடம் ஒண்ணுதான்."

"இன்னைக்கும் உன் வாப்பா மாதிரி ஒருத்தர் இருந்தா?"

"இருப்பாரு. அவரு மகளுக்கும் ஒரு வாசல் வை. மத்தவங்களுக்கு வேற வாசல் வை. கையெழுத்து உன் கைல இருக்கு, என்ன வேணும்னாலும் கேட்டு வாங்கலாம். இந்த யோசன ஒரு புயல்காரிக்கு வரலியா?"

*

குழுக் கூட்டத்தில் மற்ற மூவரும் திரையில் வந்தார்கள். ஹெப்சிபா தன் நிபந்தனையைச் சொன்னாள். காலை வகுப்பு பெண்களுக்கு மட்டும். மாலை வகுப்பு எல்லோருக்கும். காலை வகுப்பில் ஒரே ஒரு பெண் மிஞ்சினாலும், அவளுக்காகப் பாடம் நடக்க வேண்டும்.

"ஒரே ஒருத்திக்கா? அது கட்டுப்படி ஆகாதுக்கா" என்றாள் இசக்கியம்மாள்.

"ஆகாதுதான். அந்த ஒருத்தி என்னவா வருவான்னு உனக்குத் தெரியுமா?"

இசக்கியம்மாள் செய்யதைப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். மறுநடை நாற்காலிகளை அன்றே திருப்பி அனுப்பிவிடவும் ஹெப்சிபா சொன்னாள். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

சேர்க்கை விளம்பரம் வந்ததும் ஊரில் பேச்சு கிளம்பியது. கல்லூரியின் மானம் போயிற்று என்று சில பழைய மாணவிகள் ஹெப்சிபாவைக் கூப்பிட்டுத் திட்டினார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கல்லூரியைப் பற்றிச் சொல்லச் சொல்ல அவள் போனை வைக்காமல் கேட்டாள். புங்கமரத்தையும் முட்டை பப்ஸையும் அரிசிமாவு டப்பாவையும் அவர்கள் சொன்னார்கள். ஒருத்தி, 'கரெண்டு போனப்ப செய்யது பேசினாளே, அந்தக் காலேஜா இது?' என்று கேட்டாள். ஹெப்சிபா அவளைப் போனில் பிடித்துவைத்து, அன்று செய்யது என்ன பேசினாள் என்று கேட்டாள். 'அது யாருக்கு ஞாபகம் இருக்கு? குரல்தான் ஞாபகம் இருக்கு' என்றாள் அவள்.

மே மாதக் கடைசியில் செய்யது கூப்பிட்டாள். "அட்மிஷன் போட்டுட்டேன்."

"யாருக்கு? பேத்திக்கா?"

"எனக்கு. பி.எஸ்ஸி. கணக்கு. மாலை வகுப்பு."

"கிறுக்குப் பிடிச்சிருக்கா ஏட்டி? நீ ரிட்டயர்டு ஜட்ஜு."

"அதெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு. காலேஜுக்குப் போனதுதான் ஞாபகம் இல்ல."

"அப்ப காலை வகுப்புல சேர வேண்டியதுதான?"

"அதுல ஒரு தடவ படிச்சாச்சு. ஞாபகம் இல்லாட்டியும் டிகிரி இருக்கு."

ஜூன் மாதம் கல்லூரி திறந்த அன்று ஹெப்சிபா அவளை ஆட்டோவில் கூட்டிப்போனாள். காலை வகுப்புப் பெண்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். மாலை வகுப்புக்காரர்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். பையன்கள் சுவரோரமாக, சத்தம் காட்டாமல் நடந்தார்கள். வாசலில் பெண்கள் அவர்களை ஏற இறங்கப் பார்த்ததில் பாதிப் பேருக்கு வேர்த்திருந்தது.

ஒல்லியான ஒருவன் செய்யதின் முன்னால் வந்து நின்றான். பேராசிரியர் என்று நினைத்திருக்க வேண்டும்.

"மேடம், கணிதத் துறைக்கு எப்படிப் போகணும்?"

வலது பக்கம் திரும்பி, நூலகத்தைச் சுற்றி, இரண்டாவது படிக்கட்டு. ஹெப்சிபாவுக்கு அது நன்றாகத் தெரியும். சொல்ல வாயெடுத்தாள்.

செய்யது அந்தக் கட்டடங்களை அண்ணாந்து பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள். மூன்று வருடம் ஓடி ஏறிய படிக்கட்டு எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது.

"எனக்கும் தெரியாதுப்பா. நானும் இன்னைக்குத்தான் சேர்ந்திருக்கேன்" என்றாள். "வா, யார்கிட்டயாவது கேப்போம்."

ஹெப்சிபா வழி சொல்லவில்லை. இருவரும் தப்பான பக்கம் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.